கியோட்டோ நாட்கள் – 3: சட்டைப்பையில் ஒரு சீட்டு

கான்சாய் விமான நிலையத்தில் ‘ஹருகா’ ரயிலில் ஏறி உட்கார்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அதற்குள், முதன்முறையாக வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை வாசிக்கக் கிளம்பும் இளம் ஆசிரியர்கள் சிலர் கேட்டுவிட்டார்கள்: எங்கே தங்குவது, எதை எடுத்துப் போவது, சாப்பாட்டுக்கு என்ன வழி? ஊர் சுற்றிக் காட்டுவதைக் கொஞ்சம் தள்ளிவைத்து, இந்தப் பகுதியை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

மாநாடு நடந்தது கியோட்டோ பன்னாட்டு மாநாட்டு மண்டபத்தில். சாச்சியோ ஓத்தானி வடிவமைத்து 1966இல் திறக்கப்பட்ட கட்டடம். சுவர்கள் நேராக நிற்காமல் சாய்ந்து எழுகின்றன. 1997 டிசம்பரில் புவி வெப்பமாதல் குறித்த கியோட்டோ ஒப்பந்தம் ஏற்கப்பட்டது இங்கேதான். ஆனால் மண்டபம் இருப்பது நகரின் வடக்கு ஓரத்தில், மலையடிவாரத்தில். பக்கத்திலேயே தங்கினால் மாலையில் கடைகண்ணிக்குத் திண்டாட வேண்டியிருக்கும். கராசுமா சுரங்க ரயில் பாதை மண்டபத்தருகே வந்துதான் முடிகிறது. கியோட்டோ நிலையத்திலிருந்து இருபது நிமிடப் பயணம், வழியில் மாற வேண்டியதும் இல்லை. அந்தப் பாதையில் ஏதாவது ஒரு நிலையத்தை ஒட்டி அறை எடுங்கள். எந்த ஊர் மாநாடானாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: காலையில் வண்டி மாறாமல் மண்டபம் போய்ச் சேர முடியுமா?

ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி முந்தியது. அங்கே காலை ஒன்பது மணி அமர்வு என்றால் நம் உடம்புக்கு விடியற்காலை ஐந்தரை. முதல் நாள் காலையில் உங்கள் கட்டுரை இருந்தால், ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுங்கள். அந்த ஒரு நாள் அறை வாடகையைப் பார்க்கவே கூடாது.

நம் வீட்டுப் பெரியவர்கள் ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் மின் கெட்டிலையும் குக்கரையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நமக்கு 230 வோல்ட், அங்கே 100. நம்மூர் கெட்டில் அங்கே தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டாது. விடுதி அறையில் பெரும்பாலும் கெட்டில் இருக்கும், அதுவே போதும். லேப்டாப் சார்ஜரில் ‘100-240’ என்று அச்சிட்டிருந்தால் கவலை இல்லை. இரண்டு தட்டைக் கம்பி உள்ள அடாப்டர் ஒன்று மட்டும் வேண்டும். பருப்புப் பொடி கட்டிக்கொள்ளுங்கள். பச்சைக் காய், பழம், கறிவேப்பிலை வேண்டாம், தாவரச் சான்று இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். இதைவிட முக்கியம் மாத்திரை டப்பா. சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைகளுக்கு அங்கே தடை. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. நமக்கு அன்றாட மருந்து, அவர்களுக்குச் சட்டப் பிரச்சினை. கிளம்பும் முன் டப்பாவை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பதிவுப் படிவத்தில் ‘சைவம்’ என்று குறித்திருந்தேன். முதல் நாள் வரவேற்பு விருந்தில் எனக்கென்று தனித்தட்டு வந்தது. பொரித்த தோஃபு, சுற்றிலும் இளம்பழுப்பு நிறத்தில் தெளிவான சாறு, மேலே இளஞ்சிவப்பாக மெல்லிய சுருள்கள். ஆவி பட்டதும் அந்தச் சுருள்கள் உயிருள்ளவை போல நெளிந்து மடங்கின. தச்சர் இழைப்புளியில் விழும் சீவல் மாதிரியே இருந்தன. தொண்டராக நின்ற மாணவியைக் கேட்டேன். “கத்சுவோ” என்றார். சூரை இன மீன். வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டையாய் இறுகும்வரை காயவைத்து, இழைப்புளி போன்ற கருவியில்தான் சீவுகிறார்கள். அடியில் இருந்த சாறும் அதிலிருந்து இறக்கியதுதான். ‘தாஷி’ என்று பெயர். யாரும் ஏமாற்றவில்லை. நம் குழம்புக்குப் புளிக்கரைசல் போல அவர்கள் சமையலுக்குத் தாஷி. துண்டு மீன் கண்ணில் படாவிட்டால் அது சைவம் என்றே அவர்களில் பலர் நினைக்கிறார்கள்.

அந்தப் பெண் தன் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து ஜப்பானிய மொழியில் நான்கு வரி எழுதிக் கொடுத்தார். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், மீன் தாஷியும் வேண்டாம், கொம்பு என்னும் கடற்பாசியில் இறக்கிய தாஷி என்றால் சரி. ஐந்து நாளும் அந்தச் சீட்டுதான் எனக்குச் சோறு போட்டது. கைப்பேசி மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்பீர்கள். சமையல்காரர் கை ஈரத்தோடு கைப்பேசியை வாங்கத் தயங்குவார். சீட்டானால் உள்ளே எடுத்துப்போய் அடுப்பருகே வைத்துப் படித்துவிட்டு வருவார். கிளம்பும் முன்பே மொழி தெரிந்தவர் ஒருவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். விடுதி முகவரியையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

விசிட்டிங் கார்டு நூறாவது வேண்டும். அவர்கள் இரண்டு கையாலும் கொடுப்பார்கள், எழுத்து நம் பக்கம் திரும்பியிருக்கும். நாமும் இரண்டு கையால் வாங்கி, நின்று படித்து, மேசையில் எதிரே வைத்துக்கொள்ள வேண்டும். பின்பாக்கெட்டில் செருகுவது அவர்களுக்குச் சங்கடம் தரும். எனக்கு இந்த வழக்கம் மிகவும் பிடித்துப்போனது. பெயரைப் படிக்கும் அந்த நான்கு நொடியில் எதிரில் இருப்பவர் முகமும் மனத்தில் பதிந்துவிடுகிறது.

பணம் எடுக்க செவன் இலெவன் கடை ஏடிஎம் நம் அட்டைகளை ஏற்கும். நகரப் பேருந்தில் பின்வாசலில் ஏறி, இறங்கும்போது ஓட்டுநர் அருகே 230 யென் போட வேண்டும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து யென்னும் ஐம்பது யென்னும் நம் பழைய ஓட்டைக் காலணா போல நடுவில் துளையோடு இருக்கும். பாஸ்போர்ட் எப்போதும் கையிலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம்.

கடைசி நாள் அரை நாளையாவது உங்கள் துறை சார்ந்த ஓர் இடத்துக்கு ஒதுக்குங்கள். நான் நீரியல் ஆசிரியர். கராசுமா ஒய்க்கேயில் தோசாய் பாதைக்கு மாறி கெஆகேயில் இறங்கினேன். முறுக்கிவிட்டதுபோல் செங்கல் சுழன்று செல்லும் ஒரு சிறு குகைவழியைக் கடந்தால் நான்சென்ஜி கோயில். வளாகத்துக்குள்ளேயே செங்கல் வளைவுகள் மேல் ஒரு நீர்ப்பாலம் போகிறது. 1888இல் கட்டியது. தலைநகரம் தோக்கியோவுக்குப் போனபின் தளர்ந்துகிடந்த நகரத்துக்கு பிவா ஏரித் தண்ணீரைக் கொண்டுவந்த கால்வாயின் கிளை அது. பிரதான கால்வாய் 1890இல் முடிந்தது. பொறியாளர் தனாபே சாக்குரோ, அந்தக் கால்வாயைப் பற்றித்தான் கல்லூரியில் பட்ட ஆய்வேடு எழுதியிருந்தார். அவர் ஏட்டில் எழுதிய தண்ணீரைப் பார்க்க, பக்கத்துப் படியில் ஏறினேன். சலசலப்பே இல்லாமல் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. என் மாணவர்கள் இருபது பேரையும் கையோடு கூட்டிவந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது.

பசி எடுத்தபின்தான் இறங்கினேன். கோயிலருகே யூதோஃபு கடை. கொம்புச் சாற்றில் தோஃபு வெதுவெதுப்பாய் மிதக்கும். சீட்டை நீட்டினேன். பரிமாறிய அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நான்கு வரியையும் படித்தார். தொட்டுக்கொள்ள வைத்திருந்த கிண்ணத்தை எடுத்துப்போய், வெறும் சோயா சாற்றையும் துருவிய இஞ்சியையும் கொண்டுவந்து வைத்தார்.