அக்காவுக்குக் கடல் காட்ட மூன்று நாள்

ஜெர்மனியில் இருக்கும் எங்கள் மகள், டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஸ்பெயினில் மலாகா என்ற கடற்கரை ஊருக்கு நாலு நாள் போய் வந்தாள். போவதற்கு முன்பே எந்த நாள் எந்தத் தெரு, எந்த வேளை எந்தச் சாப்பாடு என்று கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு எங்களுக்கும் அனுப்பியிருந்தாள். "அடுத்த தடவை நீங்களும் வாங்கப்பா" என்கிறாள். விசாவும் குளிரும் எங்களுக்கு ஒத்து வருமா என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் கட்டம் எனக்குப் பிடித்துப் போயிற்று. அதே மாதிரி ஒரு தாளில் நானும் கோடு போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஊர் மட்டும் வேறு. கொச்சி.

யாருக்காக என்று சொல்லிவிடுகிறேன். கிணத்துக்கடவு பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் அக்காவுக்கு எழுபத்து நாலு வயது. போன ஐப்பசியில் கண் புரைக்கு மருந்து போடலாம் என்று கோவைக்குக் கூட்டி வந்தோம். டாக்டர் பார்த்துவிட்டு, புரை மட்டும் இல்லை, கிளாக்கோமாவும் இருக்கிறது என்றார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கெட்டுப் போகிற வியாதி. வலி இருக்காது. ஓரத்துப் பார்வை முதலில் போகும், நடுப் பார்வை கடைசி வரை நிற்கும். அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்டதற்கு நேரடியாகப் பதில் வரவில்லை.

அக்கா பயப்படவில்லை. திரும்பும் வழியில் காரில் வைத்து, பருப்பு விலை பேசுகிற குரலில் சொன்னாள்: "கடலெ மட்டும் பாக்காமயே போயிருவனாட்ட இருக்குது தம்பி."

எங்கள் பக்கத்து வயதான பெண்களில் கடல் பார்க்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழனி தெரியும், சென்னிமலை தெரியும், பண்ணாரி தெரியும். மாமா காலமானபோது ராமேஸ்வரம் போகலாம் என்று பேச்சு வந்து, கடைசியில் பவானி கூடுதுறையிலேயே காரியம் முடிந்துவிட்டது. மற்ற சமயங்களில் தடை எப்போதும் ஒன்றுதான்: "மாட்டெ ஆரு பாக்கறது?" சொசைட்டிக்கு இரண்டு வேளையும் பால் ஊற்றுகிற வீட்டில் இதற்குப் பதில் சொல்வது லேசு இல்லை.

கொச்சி ஏன்? முதல் காரணம் தூரம். கோவையிலிருந்து சுமார் நூற்றித் தொண்ணூறு கிலோமீட்டர். காலையில் ரயில் ஏறினால் மதியச் சோற்றுக்கு எர்ணாகுளம். ராமேஸ்வரம் என்றால் ஒரு ராத்திரி முழுக்க வண்டியில். இருட்டில் பெர்த்திலிருந்து இறங்கி பாத்ரூம் போவது அக்காவின் கண்ணுக்கு ஆகாது. பகல் வண்டியில் உட்கார்ந்த சீட்டு போதும். முதியோர் சலுகை 2020 மார்ச்சில் நின்றதோடு சரி, இன்னும் திரும்பவில்லை. அதைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

இரண்டாவது காரணம், அந்த ஊரை எனக்கு ஒரு மாதிரி தெரியும். மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தபோது, வெளிநாட்டுப் பஞ்சு பேல்களுக்கும் மிஷின் பாகங்களுக்கும் பேப்பர் வேலையாக வில்லிங்டன் தீவுக்குப் பல தடவை போயிருக்கிறேன். ராபர்ட் பிரிஸ்டோ என்ற இஞ்சினியர், காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி எழுப்பிய தீவு அது. கப்பல் உள்ளே வர முடியாமல் வாயை அடைத்துக் கிடந்த மணல் திட்டை அவர் வெட்டி, 1928-இல் முதல் கப்பல் உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. நம் மில்களுக்கும் திருப்பூர் பனியனுக்கும் பக்கத்துத் துறைமுகம் அதுதான். இருந்தும் எனக்கு அந்த ஊரில் தெரிந்தது கஸ்டம்ஸ் கவுன்டரும் ஒரு டீக்கடையும். மாலை வண்டியைப் பிடித்துத் திரும்பிவிடுவேன். கேட்டால் கொச்சி போய் வந்தவன் என்று பெயர்!

பாலக்காட்டுக் கணவாய் வழி நமக்குப் புதிதும் இல்லை. அந்தக் காலத்தில் மேற்குக் கடற்கரை முசிறியிலிருந்து கொங்கு நாட்டு வழியாகக் கரூருக்கு வியாபாரம் நடந்தது. வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்ததும், கொடுமணலில் மணி கோத்த பட்டறைகள் தோண்டி எடுக்கப்பட்டதும் அந்த வியாபாரத்தின் மிச்சம்தான்.

இனி நாள் கணக்கு. வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனைக்கு விடுமுறை. சனிக்கிழமை யூதர் ஜெபாலயம் திறக்காது. ஞாயிறு மாலை போர்ட் கொச்சியில் நிற்க இடம் இருக்காது. ஆக திங்கள் போய் புதன் திரும்புவது என்று முடிவு.

தங்குவதற்கு எர்ணாகுளம் டவுன் வேண்டாம், போர்ட் கொச்சியிலேயே பழைய வீடுகளில் அறை விடுகிறார்கள். நான்கு பேருக்குப் போன் போட்டேன். தரைத் தளமா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, பாத்ரூம் வாசலில் படி இருக்கிறதா, ராத்திரி விளக்கு எரியுமா என்று நான் கேட்ட கேள்விகளுக்கு ஒருத்தர் கடுப்பாகி, "சாரே, ரெண்டு படி மாத்ரம்" என்றார். ஓரத்துப் பார்வை இல்லாதவருக்கு ஆபத்து அந்த இரண்டு படியில்தான். மாடிப் படி என்றால் ஜாக்கிரதையாக ஏறுவார்கள். நான்காவது வீட்டு அம்மாள், படியே இல்லை, வாசல் ஓரத்தில் வெள்ளைக் கோடு கூடப் போட்டிருக்கிறோம், எங்கள் அம்மாவும் இங்கேதான் இருக்கிறார் என்றார். அங்கேயே முன்பணம் அனுப்பிவிட்டேன்.

எர்ணாகுளத்திலிருந்து போர்ட் கொச்சிக்கு ரோட்டில் சுற்றிப் போகலாம். அதைவிடப் படகுதான் நல்லது. 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ எனக்குப் பிடித்த ஏற்பாடு. பேட்டரியில் ஓடும் ஏசி படகு. படகுத் துறையே தண்ணீரில் மிதக்கிறது. காயல் ஏறினாலும் இறங்கினாலும் துறையும் படகும் ஒரே மட்டத்தில் நிற்கும், குதித்து ஏற வேண்டியதில்லை. அக்காவின் முதல் தண்ணீர்ப் பயணம் அது. காயலைப் பார்த்து இதுதான் கடலா என்று கேட்பாள், இல்லை என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் மாலை சீன வலைகள். தேக்கும் மூங்கிலுமாகப் பெரிய துலாம் மாதிரி கட்டி, பின்பக்கம் கயிற்றில் பாறாங்கற்களைத் தொங்கவிட்டு, ஐந்தாறு பேர் சேர்ந்து இழுத்து இறக்கி ஏற்றுகிறார்கள். கிணற்றில் ஏற்றம் இறைத்த கதை தெரிந்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். சூரியன் கடலில் இறங்குவதையும் அங்கேயே பார்க்கலாம்.

செவ்வாய்க் காலை வெயில் ஏறும் முன் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503-இல் போர்ச்சுகீசியர் மரத்தில் கட்டி, பிறகு கல்லாக எழுப்பியது. வாஸ்கோ ட காமா 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கொச்சியில்தான் செத்தார். இங்கே புதைத்து, 1539-இல் எலும்பை எடுத்து போர்ச்சுகல் கொண்டுபோனார்கள். கல்லறை இருந்த இடம் மட்டும் இருக்கிறது. அது எனக்காக, பத்து நிமிஷம்.

பிறகு மட்டாஞ்சேரி. டச்சு அரண்மனை என்று பெயர், ஆனால் 1555 வாக்கில் கட்டிக் கொடுத்தது போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் பின்னால் பழுது பார்த்தவர்கள். உள்ளே சுவர் முழுக்க ராமாயண ஓவியம். வெளிச்சம் குறைவு என்பதால் முதலில் அடித்துவிட்டேன். என் மனைவிதான், "நங்கையாளுக்குத் தெரியாத ராமாயணமா? நான் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொல்றேன்" என்று திரும்பச் சேர்க்க வைத்தாள்.

பக்கத்திலேயே 1568-இல் கட்டிய யூதர் ஜெபாலயம். தரையில் பதித்த நீல வெள்ளை ஓடுகள் சீனாவிலிருந்து வந்தவை. 1492-இல் ஸ்பெயின் ராஜாவும் ராணியும் மதம் மாறு, இல்லை நாட்டைவிட்டுப் போ என்று யூதர்களை விரட்டினார்கள். அப்படிக் கிளம்பிய வம்சத்தில் சிலர் கொச்சி வந்து சேர, ராஜா தன் அரண்மனைச் சுவரை ஒட்டியே இடம் கொடுத்தார். பரதேசி யூதர்கள் என்றே பெயர். பிற்பாடு இஸ்ரேல் உண்டானதும் பெரும்பாலோர் கிளம்பிப் போய்விட்டார்கள். தெரு மட்டும் அவர்கள் பெயரில் இருக்கிறது.

மதியம் தோபி கானா. டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள், தமிழ் பேசுகிறார்கள். அக்கா உண்மையாகவே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசப் போகிற இடம் அதுதான் என்று மனைவி பந்தயம் கட்டுகிறாள்.

புதன் காலைதான் முக்கியம். போர்ட் கொச்சிக் கரை குறுகல், மணலைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது. காலை நனைக்க வைப்பீன் தீவின் செராய் நல்லது. ஜங்கார் படகில் காரோடு அக்கரை போய், வடக்கே முக்கால் மணி, ஒரு மணி நேரம். காலையில் போவதற்குக் காரணம் உண்டு. மேற்குக் கடல் என்பதால் காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், தண்ணீர் கண்ணைக் கூசாது. டாக்டரிடம் கேட்டேன், நல்ல யோசனை என்றார். காலை எட்டு மணி, இரவு எட்டு மணி சொட்டு மருந்தும் தாளில் எழுதியாகிவிட்டது.

நாள்தான் இடித்தது. கோனியம்மன் தேருக்கு முன்னால், மாசி முதல் வாரம் என்று நினைத்திருந்தேன். சினை மாடு மாசியில் கன்று போடும் என்று அக்கா பங்குனிக்குத் தள்ளினாள். பங்குனி என்றால் வெயில். அப்புறம் சித்திரை நோம்பி, அப்புறம் ஆடிக் காற்று, கடல் பக்கமே போக முடியாது. டாக்டர் சொல்லாமல் விட்ட அந்தப் பதில் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. திருப்பூரிலிருக்கும் அவள் மகனைக் கூப்பிட்டேன். "மாமா, மூணு நாளு லீவு போட்டுட்டு நானே வந்து பால் பீச்சறேனுங்க, நீங்க டிக்கெட் போடுங்க" என்றான். தை கடைசித் திங்களுக்கு மூன்று சீட்டுப் போட்டாகிவிட்டது, ஜன்னல் ஓரம் அக்காவுக்கு.

நேற்று அக்கா போன் செய்தாள். கச்சாயம் சுட்டு எடுத்துக்கொள்கிறாளாம். மகனுக்குக் காம்பு பிடிக்கத் தெரியுமா என்று இரண்டு நாள் முன்னதாகவே வரச் சொல்லிப் பழக்கப் போகிறாளாம். வைக்கும்போது, "ஏந் தம்பி, அந்தத் தண்ணிய ஒரு பாட்டல்ல புடிச்சுட்டு வரலாமா?" என்றாள்.

பெரிய பாட்டிலாகவே எடுத்து வைத்திருக்கிறேன்.