ஒரு லட்சம் ரூபாயும் ஒரு தரைப்பாலமும்

எங்க அக்கா பையன் அமெரிக்காவுல மினசோட்டாவுல இருக்கான். போன மாசம் போன்ல பேசும்போது ஒரு சேதி சொன்னான். அங்க அவன் பொண்ணு படிக்கிறது "சார்ட்டர் பள்ளி"யாம். அரசாங்கப் பணத்துல நடக்குது, ஆனா நடத்துறது அந்த ஊரு ஆளுங்களும் வாத்தியாருங்களும் சேர்ந்த ஒரு குழு. 1991ல அந்த மாநிலம்தான் அதுக்கு முதல்ல சட்டம் போட்டுச்சாம். அடுத்த வருசமே முதல் பள்ளி வந்துடுச்சாம். பள்ளி தொடங்குறதுக்கு டெல்லி மாதிரி அவங்க மத்திய அரசு மானியம் குடுக்குது, ஆனா கேக்குறவங்களுக்கெல்லாம் கிடைக்காது, போட்டி. நல்லா எழுதின விண்ணப்பத்துக்குத்தான் மார்க். "மாமா, நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா?"ன்னு கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. டேய், நாங்க அதைச் செஞ்சு முடிச்சு கொஞ்ச வருசம் ஆகுதுடா, பேருதான் வேறன்னேன். அவனுக்குச் சொன்னதையே இங்கயும் எழுதுறேன். சென்னையிலயும் பெங்களூர்லயும் உக்காந்து படிக்கிற உங்களுக்கு, ஒரு அரசு நடுநிலைப் பள்ளி எப்படி உயர்நிலைப் பள்ளி ஆகுதுன்னு தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. ஏதோ மந்திரி மனசு வச்சா ஆயிடும்னு நினைச்சிருப்பீங்க. கொஞ்சம் அதுவும் உண்டு.

எங்க ஊரு திருவாலங்காடு ஒன்றியத்துல ஒரு சின்ன ஊரு. பேரு வேண்டாம். மேலத்தெரு, கீழத்தெரு, காலனி, எல்லாம் சேர்ந்தா முன்னூறு வீடு தேறும். பள்ளிக்கூடம் எட்டாவது வரைக்கும். கல்வி உரிமைச் சட்டம் 2010ல நடைமுறைக்கு வந்தப்போ ஆறு வயசுலருந்து பதினாலு வயசு வரைக்கும்தான் கட்டாயம்னு சொல்லிடுச்சு. பதினாலு வயசுக்கு மேல பிள்ளை என்ன செய்யணும்னு சட்டத்துக்குக் கவலை இல்ல. எங்க ஊருக்கு அந்தக் கவலை இருந்தது. ஒன்பதாவதுக்குத் திருவாலங்காடு போகணும். பையனுங்க சைக்கிள்ல போயிடுவானுங்க. பொண்ணுங்களை அனுப்ப மாட்டாங்க. அரசாங்கம் சைக்கிள் குடுத்தது பதினொண்ணாவதுக்கு. அதுக்கு நடுவுல ஒன்பது, பத்துன்னு ரெண்டு வருசம் இருக்கே.

எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு எட்டாவதுல வகுப்புல முதல் மார்க். அந்த வருசம் மே மாசமே மல்லாட்டை பறிக்கக் கொல்லைக்கு வந்துடுச்சு. "ஏம்மா, ஒன்பதாவது சேரலியா?"ன்னு கேட்டேன். "அந்த ஏரிக்கரை வழியில அப்பா வேணாம்னுட்டாரு பெரியப்பா"ன்னுச்சு. சாதாரணமாத்தான் சொல்லுச்சு. அந்த வருசம் எட்டாவது முடிச்ச பொண்ணுங்க பதினொண்ணு. ஒன்பதாவது சேர்ந்தது நாலு.

2014ல பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல தலைமையாசிரியர்தான் முதல்ல வாயைத் திறந்தாரு. நடுநிலையை உயர்நிலையா தரம் உயர்த்தக் கேக்கலாம், ஆனா மனு மட்டும் குடுத்தாப் பத்தாதுன்னாரு. பொதுமக்கள் பங்குத்தொகை ஒரு லட்சம் ரூபா கட்டணும். கட்டிடத்துக்கும் மைதானத்துக்கும் இடம் காட்டணும். சுத்துவட்டார தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளியில எத்தனை பிள்ளைங்க இருக்காங்கன்னு பட்டியல் குடுக்கணும். பக்கத்து உயர்நிலைப் பள்ளி அஞ்சு கிலோமீட்டருக்கு அப்பால இருக்கணும். இதெல்லாம் இருந்தாலும் மாநிலம் முழுக்க ஒரு வருசத்துல எடுக்கிறது கொஞ்சம் பள்ளிதான். மீதி ஊரெல்லாம் பணம் கட்டிட்டு அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு இருக்க வேண்டியதுதான்.

என் மச்சான் நறுக்குன்னு கேட்டான், "பள்ளிக்கூடம் குடுன்னு கேக்க நாமளே துட்டு கட்டணுமா?"ன்னு. நியாயமான கேள்விதான். ஆனா இது நம்ம நாட்டுல புதுசு இல்ல. எங்க ஸ்டேஷன்லருந்து திருவள்ளூர் பக்கம் போற ரயில்ல மணவூர், செஞ்சி பானம்பாக்கம் தாண்டினா கடம்பத்தூர். அந்தக் கடம்பத்தூர்லதான் 1958ல முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. காமராஜர் முதலமைச்சர், நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநர். ஊரு ஜனங்களே பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், கட்டிடம்னு குடுத்தாங்க. அதுக்கப்புறம் மாநிலம் பூரா அந்த மாதிரி மாநாடு நடந்தது. எங்க அப்பா அப்போ வாலிபப் பையன், மாட்டு வண்டியில போய்ப் பாத்தேன்னு சொல்லுவாரு. எங்க ஊரு சார்பா ரெண்டு மணக்கட்டை குடுத்தாங்களாம். அதுல ஒண்ணு நான் படிக்கிறப்போ கூட இருந்தது, ஒரு கால் ஆடும்.

அப்போ குடுத்ததுக்கும் இப்போ கட்டுறதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. அன்னைக்கு இருக்கிறவன் இருக்கிறதைக் குடுத்தான். இப்போ அளவு முன்கூட்டியே எழுதி வச்சிருக்கு. ஒரு லட்சம்னா ஒரு லட்சம், அது சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுற ஊரா இருந்தாலும் சரி, ஆடு மேய்க்கிற ஊரா இருந்தாலும் சரி. "நமக்கு நாமே" திட்டமும் இப்படித்தான். மூணுல ஒரு பங்கை ஜனங்க கட்டினா மீதியை அரசு போடும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளிநாட்டுல ரெண்டு பையன் இருக்கிற ஊரு அந்த ஒரு பங்கை ஒரு வாரத்துல கட்டிடும். நாங்க பத்து மாசம் அலைஞ்சோம். வீட்டுக்கு இருநூறு, முடிஞ்சவங்க ஐநூறு. நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க ஒரு நாள் கூலியைத் தர்றோம்னு அவங்களாவே சொன்னாங்க. 2015ல அறிவிச்ச கூலி 183 ரூபா, கைக்கு வந்தது அதைவிடக் கம்மி. நோட்டுல அவங்க பேரு எதுக்கும் முன்னாடி முதல் பக்கத்துல எழுதணும்னு நான் பிடிவாதமா இருந்தேன். பெருந்தொகை குடுத்த ஒருத்தருக்கு அதுல வருத்தம். இருக்கட்டும்.

பணம் கூட ஒருவழியா சேர்ந்துடுச்சு. இடம்தான் படுத்திடுச்சு. கீழத்தெரு ஓரத்துல மேய்க்கால் புறம்போக்கு இருக்கு, விஸ்தாரமா. அதைத் தொட முடியாது, மாட்டுக்குன்னு கணக்குல இருக்கிற நிலத்தைப் பள்ளிக்கு மாத்துறது லேசு இல்ல. காலனியை ஒட்டி இன்னொரு தரிசு இருந்தது, அது அரசு நிலம், சிக்கல் இல்லாதது. அங்கன்னதும் ஊருக்குள்ள முணுமுணுப்பு. யாரும் வெளிப்படையாச் சொல்லல. "தண்ணி நிக்கும்", "பாம்பு இருக்கு", "வெயில் ஜாஸ்தி"ன்னாங்க. காந்தி ஜெயந்தி கிராம சபையில ஒரு ஆயா எழுந்திருச்சு, "பாம்பு அங்க மட்டுமா கீது? என் பேத்தி அந்தத் திருவாலங்காடு ஏரிக்கரையில தினம் பாம்பைத் தாண்டித்தானே போவணும்"னு கேட்டுச்சு. தீர்மானம் நிறைவேறிடுச்சு. ரெண்டு பேரு கையெழுத்துப் போடாம எழுந்து போனாங்க. இன்னைக்கு அவங்க பேரப்பிள்ளைங்களும் அங்கதான் படிக்குது.

மனுவை நான்தான் எழுதினேன். பத்தாவது வரைக்கும் படிச்சவன், கையெழுத்து நல்லா இருக்கும்ங்கிறதால. பன்னெண்டு பக்கம். தீர்மான நகல், புலப்படம், அடங்கல், சலான் ரசீது, பிள்ளைங்க பட்டியல். எங்க ஊருக்கு இந்த வேலை புதுசும் இல்ல பாருங்க. 1905ல கிடைச்ச திருவாலங்காட்டுச் செப்பேடு இப்போ சென்னை மியூசியத்துல இருக்கு. ராஜேந்திர சோழன் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் குடுத்த மானியம் அது. முப்பத்தொரு ஏடு. ராஜா வாயால சொன்னதை ஒருத்தர் எழுதி, இன்னொருத்தர் ஒப்பிட்டுப் பாத்து, வரிசையா எத்தனை அதிகாரிங்க கைக்குப் போயிருக்குன்னு அதுல பேரு பேரா இருக்கு. ராஜாவே குடுக்கிறேன்னு சொன்ன நிலத்துக்கே அத்தனை கையெழுத்துன்னா, எங்க மனு மூணு ஆபீஸ் மேசையில உக்காந்ததுல ஆச்சரியம் இல்ல.

முதல் தடவை திரும்பிடுச்சு. காரணம், தூரம். ஒரு ஆபீஸ்ல வரைபடத்துல ஸ்கேல் வச்சு நேரா அளந்து நாலரை கிலோமீட்டர்னு எழுதிட்டாங்க. காக்கா பறக்கிற தூரம் அது. எங்க பிள்ளைங்களுக்கு றெக்கை இல்லியே. நடுவுல ஏரி கிடக்கு, சுத்திப் போனா ஏழு கிலோமீட்டர். மோட்டார் சைக்கிள் மீட்டரைப் பாத்து எழுதிக் குடுத்தோம், செல்லாதுன்னுட்டாங்க. அடுத்த வருசம் மறுபடியும் குடுத்தோம். பதிலே வரல, பட்டியல் வந்தது, எங்க பேரு இல்ல.

2015 கடைசியில மழை வந்துச்சு. சென்னை முழுகின அதே மழை. உங்களுக்கு அடையாறு ஞாபகம் இருக்கும், எங்களுக்குக் கொசஸ்தலை. தரைப்பாலத்து மேல இடுப்பளவு தண்ணி. குறுக்கு வழியும் போச்சு, சுத்து வழியும் போச்சு. தண்ணி வடிஞ்சு வழி திறக்க ஒன்பது நாள் ஆச்சு, அது வரைக்கும் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் போகல. என் பையன் செல்போன்ல படம் எடுத்தான். பாலம் இருந்த இடத்துல வெறும் தண்ணி, இந்தப் பக்கம் யூனிபார்ம்ல நாலு பொண்ணுங்க நிக்குது. மூணாவது மனுவுல அந்தப் படத்தை முதல் பக்கத்துல ஒட்டினேன். பாதை வழியா தூரத்தை அளந்து குடுக்கச் சொல்லி வி.ஏ.ஓ.கிட்ட சான்று வாங்கினோம்.

அந்தத் தடவை பேரு வந்துடுச்சு.

சந்தோசம்தான், பட்டாசு வெடிச்சோம். ஆனா ஒண்ணு சொல்லணும். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு, எங்களை மாதிரியே லட்ச ரூபா கட்டி, எங்களை மாதிரியே மனு குடுத்துட்டு நின்னது. ரெண்டு ஊருக்கும் நடுவுல நாலு கிலோமீட்டர் கூட இல்ல. எங்களுக்குக் குடுத்ததும் அவங்க மனு தூர விதியில அடிபட்டுப் போச்சு. அவங்க ஊர்லயும் எட்டாவதோட நின்ன பொண்ணுங்க இருந்தாங்க. அவங்ககிட்ட பாலத்துப் படம் இல்ல, மனு எழுத ஆள் சரியா இல்ல, அவ்வளவுதான். இப்போ அங்கிருந்து இருபது பிள்ளைங்க ஷேர் ஆட்டோவுல எங்க பள்ளிக்கு வருது. அந்த ஊரு பெரியவர் ஒருத்தர் சந்தையில பாத்தா இன்னும் முகம் குடுத்துப் பேச மாட்டார். அவர் மேல எனக்குக் கோவம் வரல.

இந்தப் போட்டி இப்போ எல்லா இடத்துலயும் வந்துடுச்சு. 2022ல மத்திய அரசு பி.எம். ஸ்ரீன்னு கொண்டு வந்தது, நாடு முழுக்க 14,500 பள்ளி. பள்ளிக்கூடமே இணையத்துல போய் விண்ணப்பிக்கணும், மார்க் போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க. தேசிய கல்விக் கொள்கையை ஏத்துக்க மாட்டோம்னு நம்ம மாநிலம் அதுல கையெழுத்துப் போடல. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவுல போட்டுட்டாங்க. நகரியில பொண்ணு எடுத்த எங்க சொந்தக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார். அந்த அரசியலுக்குள்ள நான் போகல. என் சந்தேகம் வேற. மார்க் போட்டுப் பணம் குடுத்தா, ஏற்கெனவே நல்லா இருக்கிற பள்ளிக்குத்தானே மார்க் வரும்? கூரை ஒழுகுற பள்ளி எந்தப் பரீட்சையில பாஸ் ஆகும்? அக்கா பையனும் அங்க அதேதான்னான். விண்ணப்பம் எழுதிக் குடுக்கிறதுக்குன்னே காசு வாங்குற ஆளுங்க இருக்காங்களாம்.

பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு எங்க பள்ளி உதவல. பேரு வந்தப்போ அதுக்குக் கல்யாணம் பேசியாச்சு. இப்போ அதோட பையன் இங்க ஒண்ணாவது படிக்கிறான். போன வருசம் பத்தாவது எழுதினதுல பொண்ணுங்க பதினாலு பேரு, எல்லாரும் பாஸ். அதுல பதினொண்ணாவது சேர்ந்தது ஒன்பது. மீதி அஞ்சு பேருக்கு அதே ஏரிக்கரை, அதே காரணம்.

மேல்நிலைக்குப் பங்குத்தொகை ரெண்டு லட்சம்னு சொல்றாங்க, நிலமும் இன்னும் கூட வேணுமாம். பழைய நோட்டைத் தேடி எடுத்து வச்சிருக்கேன். காந்தி ஜெயந்தி கிராம சபைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, அதுக்குள்ள கடலை பிடுங்கி முடிச்சாகணும்.