பிள்ளைகளோடு யாழ்ப்பாணத் தோட்டங்களுக்கு



அடுப்படியில் நிற்கும்போது உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "நாம் உரிக்கிற இந்த வெங்காயம் வேரா, தண்டா, இலையா?" பாடப் புத்தகத்தில் படித்த பிள்ளைகூடச் சற்றுத் தடுமாறும். வெங்காயத்தின் ஒவ்வொரு உரியும் ஓர் இலையின் அடிப்பகுதி. உணவைச் சேமித்துத் தடித்துப் போன இலை. அடியிலுள்ள சிறு தட்டுத்தான் தண்டு. அதன் கீழே தொங்கும் நார்தான் வேர். தோட்டத்தில் ஒரு வெங்காயத்தைப் பிடுங்கி, பச்சைத் தாளோடும் வேரோடும் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை இதை ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொள்ளும். பிறகு மறக்காது.

ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் பொருள்களின் பெயர்களைக் கற்றுக் கொடுத்ததாக ஸூரத்துல் பகராவில் ஓதுகிறோம். பெயர் அறிவது அறிவின் வாசல். நமது பிள்ளைகளோ கடைப் பொருள்களின் பெயரை நூறு சொல்வார்கள். வேலியில் நிற்கும் செடிகளில் ஐந்தின் பெயர் சொல்லமாட்டார்கள்.

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தோழர்களிடம் ஒரு விடுகதை போட்டார்கள். இலை உதிராத ஒரு மரம் உண்டு, அது முஸ்லிமுக்கு உவமை, அது எது என்று கேட்டார்கள். எல்லோரும் காட்டு மரங்களை நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது பேரீச்ச மரம் என்று இளைஞரான இப்னு உமர் (ரழி) அவர்களுக்குத் தோன்றியது. பெரியவர்கள் இருந்த சபையில் வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை. பின்னர் தந்தையிடம் சொன்னபோது, நீ சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்ற கருத்தில் உமர் (ரழி) பதில் சொன்னார்கள். புகாரியில் வரும் செய்தி இது. மரத்தை வைத்துப் பாடம் சொல்லும் வழி இதில் இருக்கிறது. பிள்ளையைப் பேசவிட்டுக் கேட்கும் பெற்றோருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைதார் ஸ்பெயினின் மாலகாவில் பிறந்தவர், கி.பி. 1248இல் திமிஷ்கில் காலமானார். சுமார் 1,400 மருந்துப் பொருள்களைப் பற்றி எழுதியவர். இளமையில் ஆசிரியரோடு காடுமேடு சுற்றிச் செடி சேகரித்தே அவர் கற்றார். முதுமையில் தம் மாணவர் இப்னு அபீ உஸைபிஆவைத் திமிஷ்குக்கு வெளியே அழைத்துச் சென்று, நிற்கும் செடியைக் காட்டியே கற்பித்தார். கிதாபும் வேண்டும், வயலும் வேண்டும் என்பதே நமது முன்னோர் வழி.

இதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போல ஏற்ற இடம் நமது நாட்டில் குறைவு. அங்கே தோட்டம் தொலைவில் இல்லை. வீட்டு வேலியைத் தாண்டினால் தோட்டம்.

நம்மில் பலருக்கு அந்த ஊர் வெறும் சுற்றுலா இடம் அல்ல. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர் எனக் கணிக்கப்படுகிறது. பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் குடியமர்ந்தார்கள். 2002க்குப் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும் ஒரு பகுதியினர் சோனகத் தெருவுக்குத் திரும்பினார்கள். பலர் திரும்பவில்லை. புத்தளத்தில் பிறந்த பிள்ளைகள் இன்று தாமே பெற்றோராகிவிட்டார்கள். அவர்களுக்கு யாழ்ப்பாணம் என்றால் உம்மம்மா அழுது சொல்லும் கதை ஒன்றுதான். அந்தக் கதையை மறக்க வேண்டியதில்லை. ஆனால், அது மட்டுமே அவர்களுக்குத் தெரிந்த யாழ்ப்பாணமாக இருந்துவிடக் கூடாது. புழுக்கொடியலை எப்படிச் சப்ப வேண்டும், கறுத்தக்கொழும்பானை எந்த மாதத்தில் எதிர்பார்க்க வேண்டும் என்று உம்மம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடு போய்விடும் நிலையில் இருக்கிறது. அதைத் திருப்பித் தரும் வேலையை எந்த நிவாரணத் திட்டமும் செய்யாது. குடும்பம்தான் செய்ய வேண்டும்.

மண்ணும் கிணறும்

முதலில் மண்ணைக் காட்டுங்கள். சுன்னாகம், இணுவில், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் மண் செங்கல் நிறம். கீழே சுண்ணாம்புக் கல். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் மாரிமழை அந்தக் கல்லின் இடுக்குகளில் இறங்கித் தங்குகிறது. அடியிலே கடலின் உப்பு நீர், அதற்கு மேலே மிதக்கும் நல்ல நீர். புத்தூருக்கு அருகே நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும், ஆழத்தில் உப்பாகவும் இருப்பது இதனால்தான். அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறும். வீண்விரயம் கூடாது என்ற பாடத்தை உளூச் செய்யும் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் ஏது?

இன்னொன்றையும் தாய்மார் அறிந்திருக்க வேண்டும். உரம் அதிகம் இட்டதால் குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டியிருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது நீங்காது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கத் தோட்டக் கிணற்று நீரைப் பயன்படுத்தாதீர்கள்.

தோட்டத்தில் பார்க்க வேண்டியவை

சின்ன வெங்காயத்தை விதை வெங்காயமாகவே பாத்தியில் ஊன்றுகிறார்கள். ஒன்று ஊன்றினால் ஒரு கொத்தாகப் பிரிந்து, இரண்டு, இரண்டரை மாதத்தில் பிடுங்கும் பருவம் வரும். வாய்க்காலில் வரும் தண்ணீரை மண்வெட்டியால் ஒரு பாத்தியில் அடைத்து மறு பாத்தியில் திறந்துவிடும் வேலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

வாழையைக் காட்டி, இது மரமா என்று கேளுங்கள். மரமல்ல. ஒன்றையொன்று சுற்றிய இலை மடல்கள்தான் தண்டு போல நிற்கின்றன. ஒரு குலை போட்டதும் தாய் வாழை முடிந்துவிடும். பக்கத்துக் குட்டி எழும். கதலி, இதரை, கப்பல், மொந்தன் என்று அங்கே இனங்கள் பல. முந்திரிகைப் பந்தலில் கிளையை வெட்டிவிட்டால்தான் புதுத் தளிரும் பூவும் வரும். அதிலிருந்து நான்கு மாதமளவில் பழம். புகையிலைத் தோட்டத்தையும் மறைக்க வேண்டாம். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அந்த வருமானத்தையும், அந்த இலை மனித உடலுக்குச் செய்யும் கேட்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

வேலியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அங்கே வேலியும் ஒரு தோட்டம். கிளுவை, பூவரசு, முள்முருக்கை ஆகியவற்றின் தடிகளை நட்டால் அவையே உயிர் வேலியாகின்றன. அவற்றின் குழை ஆட்டுக்கு உணவாகும். மண்ணில் புதைத்தால் பசளையாகும். வேலியில் படரும் முசுட்டையும் முடக்கொத்தானும் கறிச்சட்டிக்கு வரும். மருதோன்றி நின்றால் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, அவர்களே ஓடுவார்கள். ஹதீஸ்களில் வரும் ஹின்னா இதுவே என்று சொல்லிக் கொடுங்கள். இலந்தையைக் கண்டால் நிறுத்துங்கள். ஜனாஸாவைக் குளிப்பாட்ட நாம் தேடும் இலை அது. அல்குர்ஆனில் வரும் ஸித்ர் அதன் இனத்தைச் சேர்ந்தது.

பனையும் பேரீச்சையும்

அரபு நாட்டுக்குப் பேரீச்சை எப்படியோ, யாழ்ப்பாணத்துக்குப் பனை அப்படி. இரண்டும் ஒரே குடும்பம். இரண்டிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பேரீச்சையின் ஓலை இறகு போல நீளும். பனையோலை விசிறி போல விரியும். பனை பூக்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் செல்லும். அதுவரை அது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. நட்டவர் பலன் காண்பது நிச்சயமில்லை. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற ஹதீஸின் பொருள் பனந்தோப்பின் கீழே நிற்கும்போது நன்றாகப் புரியும்.

இளங்காயில் நுங்கு. பழுத்தால் பனங்காய்ப் பணியாரமும் வெயிலில் காய்ந்த பனாட்டும். விதையைப் பாத்தியில் புதைத்தால் சில மாதங்களில் கிழங்கு. முளைத்த விதையை வெட்டினால் உள்ளே பஞ்சு போன்ற பூரான். கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவில்தான் மீனும் நண்டும் போட்ட யாழ்ப்பாணக் கூழ்.

இதில் நமது பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பாளையிலிருந்து சொட்டும் அதே நீர், சும்மா முட்டியில் விழுந்தால் புளித்துக் கள்ளாகும். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தால் புளிக்காமல் இனிய கருப்பநீராக நிற்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஹராத்துக்கும் ஹலாலுக்கும் இடையே ஒரு பூச்சுச் சுண்ணாம்பு! ஆகவே வழியில் யாரேனும் குடிக்கத் தந்தால் எந்த முட்டி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் கீழ் உள்ளது அது. முன்கூட்டியே அனுமதி கேட்டுச் செல்வது நல்லது.

ஒரு நாள் மிச்சமிருந்தால் குறிகட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவுக்குப் போங்கள். அங்கே நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்காவுக்குரியது. பருத்த அடிமரத்தில் நீரைச் சேமித்து வறட்சியைக் கடக்கும் இனம். அதன் உட்குழிவில் பிள்ளைகள் நுழைந்து நிற்கலாம். ஒட்டகங்களுக்குத் தீனியாக அரபு வணிகர்கள் இவற்றைக் கொண்டுவந்திருக்கலாம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. மன்னார்ப் பள்ளிமுனையிலும் ஒன்று நிற்கிறது.

தோட்டக்காரரோடு பழகும் முறை

நமது யாழ்ப்பாண மூதாதையரில் பெரும்பாலோர் வணிகரும் தையற்காரரும் தொழிலாளருமே. தோட்டம் செய்தவர்கள் அயலிலிருந்த தமிழ் மக்கள். அவர்களுடைய காய்கறி நம் வீட்டுக்கு வந்தது. நமது கடைத் துணி அவர்கள் வீட்டுக்குப் போனது. ஆகவே தோட்டம் பார்ப்பது செடி பார்ப்பது மட்டுமல்ல.

சென்ற வருடம் குடும்பத்தோடு இணுவில் பக்கம் ஒரு தோட்டத்தில் நின்றோம். வெங்காயம் கட்டிக்கொண்டிருந்த வயதான அம்மா என் மனைவியைப் பார்த்து, "பிள்ளை, எந்த ஊர்?" என்றார். "உம்மாவும் வாப்பாவும் சோனகத் தெரு, அம்மா. நான் பிறந்தது புத்தளத்தில" என்றார் மனைவி. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என்ர கலியாணச் சட்டை உங்கட தெருவிலதான் தைச்சது. அந்தத் தையற்காரர் இப்ப இருக்கிறாரோ தெரியாது" என்றார். ஒரு பிடி விதை வெங்காயத்தை எடுத்து என் மகளின் கையில் வைத்து, "வீட்டில நட்டுப் பார் பிள்ளை" என்றார். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட காயம் இதனால் ஆறிவிட்டது என்று நான் எழுதவில்லை. காணி, வீடு, நீதி என்று பேச வேண்டியவை இன்னும் இருக்கின்றன. ஆனால், அயலவர் என்ற உறவைப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள்.

சில ஒழுங்குகள்: ஸுப்ஹுத் தொழுத கையோடு புறப்படுங்கள், வெயில் ஏறினால் சிறு பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். கேட்காமல் தோட்டத்துக்குள் இறங்காதீர்கள், பறிக்காதீர்கள். மருந்து தெளித்திருக்கலாம், கழுவாமல் எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். மஞ்சள் அலரியின் காய் கடும் நஞ்சு. அதைத் தூரத்திலிருந்தே காட்டி எச்சரியுங்கள். திரும்பும்போது ஒரு கட்டு வெங்காயமாவது, ஒரு குட்டான் பனங்கட்டியாவது விலை கொடுத்து வாங்குங்கள். பார்த்த செடி ஒவ்வொன்றுக்கும் பெயர், நாம் உண்பது எந்தப் பகுதி, அதன் பருவம் என்ற மூன்றையும் பிள்ளை ஒரு கொப்பியில் எழுதட்டும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவர் இருந்தால் அவரையும் வாகனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். நடக்க இயலாவிட்டாலும் பரவாயில்லை. வேலியோரம் ஒரு கதிரை போட்டு அமரவைத்து, பிள்ளைகள் கொண்டுவந்து காட்டும் இலைக்கெல்லாம் அவரிடம் பெயர் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லக் கொப்பி நிறையும். அடுத்த விடுமுறை வரை அதைத் தள்ளிப் போடாதீர்கள். வயதானவர்களின் விடயத்தில் அடுத்த விடுமுறை அல்லாஹ்வின் கையில்தான் இருக்கிறது.