வால்பாறையின் 40 வளைவுகள்... காரின் நீலப் புகைக்குக் காரணம் சொல்லும் மலைச்சாலை!

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகிறவர்கள், ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு. குழந்தைகளுக்கு அது விளையாட்டு. வயிற்றைப் புரட்டுகிறவர்களுக்கு `இன்னும் எத்தனை?' என்கிற கவலை. வண்டிக்கு மட்டும் அது பரீட்சை. சமவெளியில் வருடக்கணக்கில் மூடி மறைத்த நோயையெல்லாம் இன்ஜின் இங்கே கக்கிவிடும்.

வால்பாறையில் இருக்கும் என் சித்தப்பாவின் காருக்கு வயது 14. சிறிய பெட்ரோல் கார். மாதம் இரண்டு முறை சித்தியை சிகிச்சைக்காகக் கோவைக்கு அழைத்துப்போவது அதில்தான். பஸ்ஸில் அத்தனை வளைவுகளைச் சித்தியால் தாங்க முடியாது. கொஞ்ச நாளாக அந்த கார் ஆயில் குடிக்க ஆரம்பித்திருக்கிறது. பின்னால் வருகிறவர்கள், ``உங்க வண்டி புகை தள்ளுதுங்க'' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கீழே ஒரு மெக்கானிக் சைலன்சருக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, ``ரிங் போயிருச்சுங்க. இன்ஜினை இறக்கணும். 50,000 ரூபாய்க்குக் குறையாது'' என்று சொல்லிவிட்டார். கார் விலையே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இன்ஜின் வேலை பார்ப்பதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்த வாரத்தில்தான் நான் லீவுக்குப் போனேன்.

``ஓட்டுறவனுக்கு அவன் வண்டிப் புகை தெரியாது கண்ணு. நீ பைக்ல பின்னாடியே வா. எங்க புகை வருது, எங்க வரலைன்னு பார்த்துச் சொல்லு'' என்றார் சித்தப்பா. பைக்கை நண்பன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டே வருவது என்று ஏற்பாடு.

காலை ஆறரைக்கு வால்பாறையில் பனி. சுமார் 3,500 அடி உயரம் என்பதால் எல்லா வண்டிகளின் சைலன்சரிலும் அந்த நேரத்தில் வெள்ளைப் புகை வரும். அது வெறும் நீராவி. வண்டி சூடானதும் நின்றுவிடும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ஒரு தித்திப்பு வாசனையோடு வந்தால்தான் கவலைப்பட வேண்டும். கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறது, ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள் என்று அர்த்தம். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. நீலம் மட்டும்தான் ஆயில் எரிவதன் அடையாளம். வடைச்சட்டி எண்ணெய் தீய்ந்த மாதிரி ஒரு வாடையும் கூடவே வரும்.

சித்தப்பா சாவியைத் திருகியதும் ஒரு கொத்து நீலப் புகை. ஒரு நிமிடத்துக்குள் சுத்தமாக அடங்கிவிட்டது. அதை முதல் குறிப்பாக எழுதிக்கொண்டேன்.

புதுத்தோட்டம் பக்கம் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடக்க. நாங்கள் போன நேரத்தில் ஒரு குடும்பமே அதில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து ரொட்டிக்கடை, கவர்க்கல் என்று தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் பாதை. கவர்க்கல்லில் மூட்டம் அப்படியே வழிமறிக்கும். முன்னால் போகும் காரே தெரியாதபோது புகை எங்கே தெரியப்போகிறது? அந்தப் பகுதிக்கு என் நோட்டில் ஒன்றுமில்லை.

அட்டகட்டியைத் தாண்டி தொடர் இறக்கம் வந்ததும்தான் விஷயம் பிடிபட ஆரம்பித்தது. சித்தப்பா இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல் இறங்குகிறார். புகையே இல்லை. வளைவு முடிந்து, மேலே ஏறி வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றுவிட்டு மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். குபுக்கென்று நீலம்! இரண்டு மூன்று விநாடியில் காணாமல் போகிறது. அடுத்த வளைவிலும் அதே கதைதான். பத்துக்கு மேல் எண்ணியதும் நண்பன், ``போதும், பேட்டர்ன் கிடைச்சிருச்சு'' என்றான்.

காரணம் இதுதான். இறக்கத்தில் கியரில் இருக்கும் பெட்ரோல் இன்ஜினுக்குக் காற்று போகிற வாசல் கிட்டத்தட்ட மூடியிருக்கும். சக்கரம் இன்ஜினைச் சுற்றவைக்க, பிஸ்டன் காற்றுக்காக இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்ட்ரா வாயை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சுவது மாதிரி. வால்வுத் தண்டுகளின் தலையில் ரப்பர் சீல் உண்டு. வயதாகி அது இறுகிப்போயிருந்தால், அந்த இழுப்பில் மேலே இருக்கும் ஆயில் தண்டோடு வழிந்து உள்ளே வந்துவிடும். மறுபடி மிதிக்கும்போது அது மொத்தமாக எரிகிறது. இரவு முழுக்கச் சொட்டிச் சேர்ந்ததுதான் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்த அந்தக் கொத்துப் புகை.

ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருந்தால் கதை வேறு. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்தான் சுவரில் ஒட்டிய ஆயிலை வழித்துக் கீழே தள்ளுகிறது. அது தேய்ந்தால், ஏற்றத்தில் இன்ஜின் திணறும்போது புகை விடாமல் வரும். இழுவை குறையும். ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகைபோக்கி மாதிரி ஊதும்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். எதிர்ப்பாறையில் வரையாடுகள். கீழே ஆழியாறு அணை, தூரத்தில் அடுக்கடுக்காக நீல மலைகள். அந்த மலைகள் நீலமாகத் தெரிவதற்கும் இந்தப் புகை நீலமாகத் தெரிவதற்கும் கிட்டத்தட்ட ஒரே காரணம்தான். மிகச் சிறிய துகள்கள் வெளிச்சத்தில் உள்ள நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும். பாதி எரிந்த ஆயில், கண்ணுக்குத் தெரியாத அளவு பொடித்துளிகளாகத்தான் வெளியே வருகிறது. அதனால் பின்னணி கறுப்பாக இருந்தால் புகை நீலமாகப் பளிச்சென்று தெரியும். வெளுத்த வானத்துக்கு எதிரே அதே புகை பழுப்பாகத் தோன்றும். அடர்ந்த காட்டை ஒட்டிய சாலையில் எனக்கு அத்தனை தெளிவாகத் தெரிந்தது அதனால்தான்.

பொள்ளாச்சியில் இந்த முறை வேறொரு மெக்கானிக். நோட்டைக் காட்டியதும் சிரித்தார். ஆனால் அதை மட்டும் நம்பிவிடவில்லை. முதலில் வண்டிக்கு அடியில் ஆயில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்தார். ஆயில் தேவைக்கு மேல் ஊற்றியிருக்கிறதா என டிப் ஸ்டிக்கை எடுத்தார். அடுத்து பிசிவி வால்வு. இன்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப உள்ளே அனுப்பும் சின்ன பாகம் அது. அடைத்துக்கொண்டாலும் திறந்தபடி சிக்கினாலும் ஆயில் தானாக உள்ளே போகும். விலை சில நூறு ரூபாய். அதைப் பார்க்காமல் இன்ஜினை இறக்கச் சொல்கிறவரிடம் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் மீட்டரை வைத்து அழுத்தம் பார்ப்பது. எல்லா சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே ரீடிங். குறைந்திருந்தால், ஒரு டீஸ்பூன் ஆயிலை அந்த ஓட்டைக்குள் விட்டு மறுபடி பார்ப்பார்களாம். ரீடிங் ஏறினால் கோளாறு ரிங்கில், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். ``ஆனா ஒண்ணுங்க, ஆயில் ரிங் மட்டும் கரி பிடிச்சு ஒட்டியிருந்தா மீட்டர் நல்லபடியாத்தான் காட்டும். அதனால சீலை மாத்திட்டு ஓட்டிப் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொல்ல முடியும்'' என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஹெட்டைக் கழற்றாமலே, சிலிண்டருக்குள் காற்றடித்து வால்வு கீழே விழாமல் நிறுத்திக்கொண்டு சீல்களை மாற்றினார். எல்லா இன்ஜினிலும் இது முடியாது. எங்கள் அதிர்ஷ்டம், இதில் முடிந்தது. சில ஆயிரங்களோடு முடிந்துவிட்டது.

டீசல் ஜீப்காரர்கள் கவனிக்க... இந்த இறக்கக் கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தாது. பழைய டீசல் இன்ஜின்களில் காற்றை அடைக்கும் அந்த வாசலே கிடையாது. அங்கே நீலப் புகை வந்தால் டர்போவையும் சந்தேகப்பட வேண்டும். புது பெட்ரோல் கார் வைத்திருக்கிறவர்கள் புகை வரவில்லையே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். கொஞ்சமாக எரியும் ஆயிலின் புகையை கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மறைத்துவிடும். ஆயில் சாம்பல் படிந்து படிந்து அதுவும் ஒருநாள் கெட்டுப்போகும். நம்ப வேண்டியது டிப் ஸ்டிக்கைத்தான். அதுவும் சமதளத்தில், இன்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து. சரிவில் நிறுத்தி அளந்தால் பொய் சொல்லும்.

1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை ஆயில் குறைவதைச் சில கார் கையேடுகளே சகஜம் என்கின்றன. அது பாதுகாப்பான அளவு என்று நினைத்துப் பார்க்காமல் விட்டால் ஆபத்து. டேஷ்போர்டில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு, ஆயில் அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். எரிந்தால் `அடுத்த வளைவு வரைக்கும்' என்று ஓட்டாமல், ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். ஓட்டினால் பேரிங் பிடித்து இன்ஜின் மொத்தமாக நின்றுவிடும். இது ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை. இருட்டியபின் யானை நடமாட்டம் உள்ள வளைவில், உடம்பு முடியாதவரை வைத்துக்கொண்டு வண்டி நிற்பதை நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் காரைவிட்டு இறங்கவும் கூடாது.

அன்று மாலை ஏற்றத்தில் மறுபடி பைக்கில் பின்தொடர்ந்தேன். 40 வளைவிலும் புகை கண்ணில் படவில்லை. ஆனால் 1,200 கிலோமீட்டர் கழித்து, நேற்று சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவில் டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே ஆயில் நிற்கிறது. முன்பெல்லாம் அதற்குள் ஒரு லிட்டர் ஊற்றியிருப்பார். ரிங்கும் லேசாகத் தேய்ந்திருக்கும், அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். காரை விற்கும் பேச்சு நின்றுவிட்டது. வரும் செவ்வாய்க்கிழமை சித்திக்குக் கோவையில் செக்-அப்.