சோறு கெட்ட வார்த்தையா?

எதிர்வீட்டுப் பையன் நேற்று வீட்டுப்பாடத்தோடு வந்தான். இரண்டாம் வகுப்பு. "ஒத்த பொருள் தரும் சொல் எழுதுக" என்று பத்துச் சொற்கள். "டீச்சர் பாட்டி, சாதத்துக்குச் சோறுன்னு எழுதலாமா? அது கெட்ட வார்த்தையா?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இதே சொல்லில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி. அந்த வருடம் இரண்டாம் வகுப்பு என்னிடம். ஒரு பெண்பிள்ளை எழுந்து அட்டையை வாசித்தாள். அட்டையில் இருந்தது, "அம்மா சாதம் பரிமாறினார்." அவள் வாசித்தது, "அம்மா சோறு போட்டாங்க." வகுப்பே சிரித்தது. படத்தைப் பார்த்து அடித்துவிடுகிறாள் என்று நினைத்தேன். "எழுத்தப் பாத்துப் படி. சோறுன்னு சொல்லக் கூடாது, சாதம்னு சொல்லணும்" என்றேன்.

எழுத்தைப் பார்க்கச் சொன்னது சரி. அதற்கு மேல் சொன்னதைச் சொல்லியிருக்கவே கூடாது.

அன்றிலிருந்து அவள் வாசிக்கவில்லை. முறை வந்தால் எழுந்து நிற்பாள், அட்டையைப் பார்ப்பாள், உட்கார்ந்துவிடுவாள். மதியம் சத்துணவு வரிசையில் மட்டும், "ஆச்சி, சோறு கொஞ்சம் போதும்" என்று அவள் குரல் கணீரென்று கேட்கும்.

ஒரு வாரம் கழித்து அவளைத் தனியாகக் கூப்பிட்டு, படம் எதுவும் இல்லாமல் சிலேட்டில் "சாதம் ஆறிவிட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். பயந்து பயந்து, "சோறு ஆறிட்டு" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் வாசித்திருக்கிறாள், பொருளும் புரிந்திருக்கிறது. அதைத் தன் வீட்டுப் பேச்சில் சொல்கிறாள், அவ்வளவுதான்.

எழுத்தைக் கவனிக்கும் பழக்கம் மட்டும்தான் அவளுக்குக் குறை. இரண்டு சொல்லையும் எழுதிக் காட்டினேன். 'சா'வில் பின்னால் ஒரு துணைக்கால். 'சோ'விலும் அதே துணைக்கால், கூடவே முன்னால் ஓர் இரட்டைக் கொம்பு. கொம்பு எதில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். காட்டினாள். ஐந்து நிமிட வேலை.

இதில் வெட்கம் என்னவென்றால், எங்கள் வீட்டிலும் சோறுதான். அம்மா கடைசிவரை அப்படித்தான் சொன்னார். ஆசிரியர் பயிற்சி விடுதியில் கூடப் படித்தவர்கள் சிரித்ததால் நான் சாதத்துக்கு மாறினேன். எனக்கு ஒட்டிய கூச்சத்தை அந்தப் பிள்ளைக்கும் ஒட்டிவிட்டேன். சேர மன்னன் ஒருவனுக்கே பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன் என்று பெயர். தமிழ் படித்த எனக்கு அன்று அது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் வீட்டுச் சொல், வலப்பக்கம் புத்தகச் சொல். வீட்டுச் சொல்லைப் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். வாரியல் – துடைப்பம். பைய – மெதுவாக. சோறு – சாதம். பிறகு ஒரு விளையாட்டு. ஒரு சொல்லை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டால் பொருந்துகிறதா? "சோறு வெந்தது", "சாதம் வெந்தது" – பொருந்தியது. சோற்றுக் கற்றாழையைச் "சாதக் கற்றாழை" என்றதும் ஒரே சிரிப்பு. அப்போது பின்வரிசையிலிருந்து அவள் குரல்: "டீச்சர், சோத்தாங்கையச் சாதாங்கைன்னு சொல்லுவாங்களா?"

இந்த முறை வகுப்பு அவளோடு சேர்ந்து சிரித்தது. அன்று அவளே கை தூக்கி வாசித்தாள்.

ஒத்த பொருள் உள்ள சொற்களும் எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று மாற்றாக வராது. பட்டியலாக மனப்பாடம் செய்தால் இது பிடிபடாது. கிளிக்குக் கிள்ளை, தத்தை, சுகம் என்று நாங்களும் இலக்கண வகுப்பில் ஒப்பித்தோம். கிளியைப் பார்த்து யாரும் "சுகம், இங்கே வா" என்று கூப்பிட்டதில்லை. வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு, ஏற்கெனவே தெரிந்த சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டுதான் புதுச் சொல் வரும். தெரிந்த சொல்லையே தப்பு என்றால் அது எதைப் பிடிக்கும்?

எதிர்வீட்டுப் பையனிடம், "சோறுன்னே எழுதுப்பா. நல்ல வார்த்தை" என்றேன். எழுதிக்கொண்டு ஓடிவிட்டான். அவன் டீச்சர் 'சரி' போட்டாரா என்று இன்று சாயங்காலம் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டில் துடைப்பத்துக்கு என்ன பெயர்? ஊர்ப் பெயரோடு எழுதுங்களேன்.