தலைக்கு எவ்வளவு?

போனை எடுத்ததும் வரும் முதல் கேள்வி, "தம்பி, தலைக்கு எவ்வளவு?" எந்த ஊர், எத்தனை நாள், எந்தத் தேதி என்பதெல்லாம் அப்புறம்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் குடும்பங்களை வேனிலும் பஸ்ஸிலும் கோயில் டூர் அழைத்துப்போவது என் தொழில். தலைக்கு இவ்வளவு என்று சொல்லித்தான் பிழைக்கிறேன். அந்தத் தொகை எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால், என்னைக் கூப்பிட வேண்டிய பயணம் எது, கூப்பிடவே வேண்டாத பயணம் எது என்று நீங்களே பிரித்துவிடலாம். தொழில் ரகசியத்தை உடைக்கிறான் என்று கூட்டாளிகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

வேன் ஓனர் தலையை எண்ணுவதில்லை. கிலோமீட்டர், நாள், டிரைவர் பேட்டா, டோல், பர்மிட் இவ்வளவுதான் அவர் கணக்கு. கிலோமீட்டர் என்றால் ஷெட்டில் கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும் வரை. கும்பகோணம் நவக்கிரகத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து போய், ஒன்பது கோயிலும் சுற்றி, வீடு திரும்ப ஏறக்குறைய 900 கிலோமீட்டர். 18 சீட் வேனுக்குக் கிலோமீட்டர் 28 ரூபாய் என்று வைத்தால் 25,200. பேட்டா 2,400, டோலும் புதுச்சேரி பர்மிட்டும் 3,000. (திருநள்ளாறு காரைக்காலில் இருக்கிறது. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. பர்மிட் இல்லாமல் போனால் வழியில் நிற்க வேண்டியதுதான்.) ஆக 30,600. எனக்கு ஒரு சீட் போக 17 பேர் வந்தால் தலைக்கு 1,800. 12 பேர்தான் வந்தார்கள் என்றால் 2,550. ரூம், சாப்பாடு, என் கூலி எதுவும் இதில் இல்லை. அதே வேன், அதே கோயில், அதே டிரைவர். காலி சீட்டுக்கான பணத்தை யாராவது ஒருவர் கொடுத்தாக வேண்டும். முன்கூட்டியே விலையை அறிவித்துவிட்டால் நான் கொடுப்பேன். புத்திசாலி ஆர்கனைசர் 13 பேர் வருவார்கள் என்று வைத்து விலை போடுவான். அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொருவரும் அவன் லாபம். ஆகவே புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு இரண்டு சீட் காலி என்று தெரிந்தால் பேரம் பேசுங்கள். அப்போது நாங்கள் பாதி விலைக்கும் இறங்குவோம்.

நாள் கணக்கில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பல ஓனர்களுக்கு நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. நாளொன்றுக்கு 250 அல்லது 300 கிலோமீட்டர் மினிமம். திருவண்ணாமலை போய்வர 370 கிலோமீட்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்குக் கிளம்பி மறுநாள் மதியம் திரும்பினால் இரண்டு நாள், அதாவது ஓடினாலும் ஓடாவிட்டாலும் 500 கிலோமீட்டருக்குப் பணம், இரண்டு பேட்டா. 12 மணி அடித்தபின் கிளம்பினால் ஒரு நாள், 370 கிலோமீட்டர், ஒரு பேட்டா. நாலாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். "ஏன்பா அர்த்த ராத்திரியில வண்டி எடுக்கற?" என்று மாமிகள் திட்டுவது இதனால்தான். தூக்கம் பார்த்தால் பணம் போகும், பணம் பார்த்தால் தூக்கம் போகும். சொந்தமாக வேன் பேசுகிற குடும்பங்கள் பெரும்பாலும் கிலோமீட்டர் ரேட்டில் ஐம்பது காசுக்கு மல்லுக்கட்டிவிட்டு இந்த நாள் கணக்கைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சரி, நால்வர் உள்ள குடும்பம் இதே நவக்கிரகத்துக்குத் தனியாகப் போனால்? 2024 பிப்ரவரியில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம் நவக்கிரகக் கோயில்களுக்கென்று ஒரு நாள் சிறப்பு பஸ்ஸைத் தொடங்கியது. தொடங்கியபோது கட்டணம் 750 ரூபாய். காலையில் கும்பகோணத்தில் ஏறினால் ஒன்பதையும் காட்டி இரவு அங்கேயே இறக்கிவிடும். எழும்பூரிலிருந்து இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் கிடைத்தால் போகவர ரயில் செலவும் குறைவு. கூட்டிப் பார்த்தால் என்னால் அந்த விலைக்குப் போட்டிபோட முடியாது. அந்த பஸ் வந்த பிறகு, முழங்கால் திடமாக இருக்கிறவர்கள் கூப்பிட்டால் நானே அதைச் சொல்லிவிடுகிறேன்.

பிறகு என்னிடம் யார்தான் வருகிறார்கள்? எழும்பூர் போய்ச் சேரவே அலுத்துப்போகிறவர்கள். பஸ் என்றால், 2023 டிசம்பர் 30இல் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்துதான் இப்போது தென்மாவட்ட பஸ்கள். ஆவடியிலிருந்து மூட்டை முடிச்சோடு, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களோடு அங்கே போக கால் டாக்ஸி வைத்தால், அந்த ஒரு செலவிலேயே இரண்டு மூன்று பேருக்கு கும்பகோணம் டிக்கெட் எடுத்துவிடலாம். என் வண்டி டன்லப், ஓ.டி., ஆவடி செக்போஸ்ட், குமணன்சாவடி என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூருக்கு இறங்கிவிடும். மேற்குப் புறநகர்க்காரர் எனக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பாதி, ஊருக்குள் போய்த் திரும்பும் அந்த அலைச்சலுக்கான பணம்.

மீதிப் பாதி கோயில் நேரத்துக்கு. மதியம் 12, 12.30க்கு நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நாலு மணி நேரத்தை எங்கே கழிப்பது என்பதில்தான் இந்தத் தொழில் நிற்கிறது. சனிக்கிழமை நான் திருநள்ளாறு பக்கம் வண்டி விடுவதில்லை. கூட்டத்தில் ஒரே கோயிலில் அரை நாள் போய்விடும். சனிக்கிழமை சூரியனார் கோயில், கஞ்சனூர், ஆலங்குடி, திங்களூர். ஞாயிறு விடிகாலையில் வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், நடை சாத்துமுன் திருநள்ளாறு. நடை சாத்தியிருக்கும் நேரத்தில் சாப்பாடும் கும்பகோணம் திரும்பும் பயணமும் முடிந்துவிடும். ஞாயிறு ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை. அந்த நேரத்தில் திருநாகேஸ்வரத்தில் ராகுவுக்குப் பால் அபிஷேகம் பார்த்துவிட்டு வண்டி ஏறினால் நேராக வீடு. திரும்பி வர நள்ளிரவு தாண்டும், ஆகவே அந்த ஒரு மணி நேரத்தை இன்னொரு நாளாகக் கணக்கிடக் கூடாது என்று ஓனரிடம் முன்பே பேசிவைக்க வேண்டும். இந்த வரிசையை நீங்களும் போடலாம், கஷ்டமில்லை. போடாமல் போனால் பூட்டிய கோயில் வாசலில் உட்கார்ந்து முறுக்கு தின்பீர்கள், அவ்வளவுதான்.

திருப்பதிக்கு என்னிடம் வராதீர்கள். 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட்டை தேவஸ்தானம் ஏறக்குறைய மூன்று மாதம் முன்பே இணையத்தில் விட்டுவிடுகிறது. சுற்றுலாக் கழகங்களுக்கு ஒதுக்கிவந்த டிக்கெட்டையும் ரத்து செய்ய 2024 நவம்பரில் அறங்காவலர் குழு முடிவெடுத்தது. அரசு நிறுவனங்களுக்கே அப்படியென்றால், "தரிசனம் என் பொறுப்பு" என்று சொல்லும் தனியார் ஆளை எப்படி நம்புவது என்று யோசியுங்கள். சி.டி.எச். ரோட்டில் குடியிருப்பவருக்குத் திருவள்ளூர், திருத்தணி வழியாக திருப்பதி நேர்கோடு மாதிரி. பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு.

ஆவடிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். டாங்கி பேக்டரி, உடை பேக்டரி, சி.ஆர்.பி.எஃப். என்று மத்திய அரசுச் சம்பளம் வாங்கும் வீடுகள் அங்கே நிறைய. எல்.டி.சி. என்கிற விடுப்புப் பயணச் சலுகையில் நாலு வருடத்துக்கு ஒருமுறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் குடும்பத்தோடு போகலாம். ஆனால் அது போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டும். ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. தனியார் வேன், தனியார் பஸ்ஸில் போன செலவை அதில் வாங்க முடியாது. என்னிடம் பணம் கட்டி வந்துவிட்டு "பில் கொடுங்க சார், ஆபீஸ்ல போடணும்" என்று கேட்பவர்களிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுவேன். எல்.டி.சி. கையில் இருந்தால் ரயிலில் போய், இறங்கிய ஊரில் மட்டும் வண்டி பேசுவதுதான் லாபம்.

காசி வேறு விஷயம். 1830 மே மாதம் சென்னையிலிருந்து ஏனுகுல வீராசாமி என்பவர் சுமார் நூறு பேர் கொண்ட பரிவாரத்தோடு காசிக்குக் கிளம்பி, 1831 செப்டம்பரில்தான் வீடு திரும்பினார். தெலுங்கில் அந்தப் பயணத்தை எழுதியும் வைத்திருக்கிறார். நூறு பேரை அழைத்துப்போனதால் அவருக்குச் செலவு மிச்சமாகியிருக்காது, பயம் மிச்சமாகியிருக்கும். இன்றும் காசிக்குக் கூட்டமாகப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் பாஷைக்கும் அலைச்சலுக்கும் பயந்தவர்கள்தான்.

விலைக்கு ஒரு அளவுகோல் வேண்டுமென்றால் அரசிடமே இருக்கிறது. அறநிலையத் துறை 2022-23இல் ராமேஸ்வரத்திலிருந்து காசிக்கு 200 பெரியவர்களை இலவசமாக அழைத்துப்போக 50 லட்சம் ஒதுக்கியது. தலைக்கு 25,000. 60 முதல் 70 வயது, குறைந்த வருமானம் என்ற நிபந்தனைக்குள் வருகிறவர்கள் முதலில் அங்கே விண்ணப்பம் போடுங்கள் என்று நானே சொல்வேன். அறுபடை வீட்டுக்கும் அப்படி ஒரு இலவசப் பயணம் உண்டு. கிடைக்காவிட்டால் அந்த 25,000ஐ மனதில் வைத்துக்கொண்டு தனியாரிடம் பேசுங்கள். ஒருவன் காசி, கயா, பிரயாகை மூன்றையும் 12,000 ரூபாய்க்குக் காட்டுகிறேன் என்றால் மிச்சம் எங்கிருந்து வருகிறது? ஒரே ஹாலில் பதினைந்து பேர் படுப்பதிலிருந்து கொஞ்சம் வரும். "பத்து நிமிஷம்தான்" என்று சொல்லிப் புடவைக் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைப்பதிலிருந்து கொஞ்சம் வரும். கடைக்காரர் கொடுக்கும் கமிஷனை மாமிகள்தான் புடவை விலையில் கட்டுகிறார்கள்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கச் சமையல் மாஸ்டரைக் கூடவே அழைத்துப்போவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். வடக்கே போய் ரசம் சாதம் கிடைத்தால் பெரியவர்களுக்குப் பாதி யாத்திரை பலித்த மாதிரி. ஆனால் 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் செத்துப்போனார்கள். லக்னோவிலிருந்து வந்த யாத்திரைக் குழு. விதியை மீறிப் பெட்டிக்குள் வைத்திருந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. வண்டியிலேயே சமைத்துப் போடுகிறோம் என்று ஒருவர் சொன்னால், சிலிண்டர் எங்கே இருக்கும் என்று கேளுங்கள். தங்கும் மண்டபத்தில் சமைக்கிறவரிடம் மட்டும் போங்கள்.

சொந்தமாகப் போகும் காசிக்கு ரயில்தான் பெரிய செலவு. 2020 மார்ச்சில் முதியோர் சலுகை நின்றுபோனது. அதுவரை ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி இருந்தது. குழந்தைகளுக்கும் 5 முதல் 12 வயது வரை தனி பெர்த் வேண்டுமென்றால் 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம். 120 நாள் முன்பு எடுத்துக்கொண்டிருந்த டிக்கெட்டை 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் முன்புதான் எடுக்க முடிகிறது. எனக்கு இது நல்லதா கெட்டதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. குடும்பங்களுக்கு நல்லதுதான், ரத்தாகும் டிக்கெட் குறையும்.

ஒரு செலவு மட்டும் யார் கணக்கிலும் வருவதில்லை. தனியாகப் போகும் குடும்பத்தில் சம்பளமில்லாத மேனேஜர் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் மூத்த மருமகள். டிக்கெட், ரூம், மாமனாருக்கு வெந்நீர், குழந்தைக்குப் பால், எல்லார் ஆதார் அட்டையும் அவர் கைப்பையில். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கக்கூட அவருக்கு நேரமிருக்காது. என் வண்டியில் வந்து ஜன்னல் சீட்டில் தூங்கிக்கொண்டே வருகிற மருமகள்களைப் பார்க்கும்போது, நான் வாங்கும் கூலி நியாயமானது என்று தோன்றும். பன்னிரண்டு பேருக்கு மேல் உள்ள கூட்டுக் குடும்பமாக இருந்து, அந்த மேனேஜர் வேலையை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டாலும் நான் தேவையில்லை. வேனை நேரடியாகப் பேசிக்கொள்ளுங்கள், மஞ்சள் போர்டு வண்டியாகப் பார்த்து.

முதல்முறையாகப் பெற்றோரை நவக்கிரகத்துக்கு அழைத்துப்போக நினைக்கிறவர்களுக்கு இன்னொரு யோசனை உண்டு. தொண்டை மண்டலத்து நவக்கிரகத் தலங்கள் நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. பூந்தமல்லியில் செவ்வாய், மாங்காட்டில் சுக்கிரன், குன்றத்தூரில் ராகு, சோமங்கலத்தில் சந்திரன், கோவூரில் புதன், கெருகம்பாக்கத்தில் கேது, கொளப்பாக்கத்தில் சூரியன், போரூரில் குரு, பொழிச்சலூரில் சனி. ரூம் வேண்டாம், பர்மிட் வேண்டாம். பெரியவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்து வரத் தாங்குவார்களா என்று பார்க்கவும் இது போதும். சின்னக் கோயில்களில் குருக்கள் சீக்கிரமே நடையைச் சாத்திவிடுவார், ஆகவே பூந்தமல்லியில் 7 மணிக்குத் தொடங்குங்கள். ஆட்டோக்காரரிடம் கோயிலுக்கு இவ்வளவு என்று பேசாமல் அரை நாள் வாடகையாகப் பேசுங்கள். பொழிச்சலூர் மட்டும் வழி விலகி இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு மாலை, சனிக்கிழமை வேண்டாம்.