அவித்த நெல்லும் ஆராய்ச்சியும்

எங்கள் ஊராகிய சிதறாலைப் பற்றி எவரேனும் வினவின், திருச்சாரணத்து மலையையும், அதன் பாறையிற் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் உருவங்களையும் எடுத்துரைத்து மகிழ்தல் ஊரார் வழக்கம். 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டைக் காண வெளியூரிலிருந்து அறிஞர்கள் வருவதுண்டு. யான் ஈண்டு எழுதப் புகுந்தது அம்மலையைப் பற்றியன்று. எங்கள் வீட்டு முற்றத்தில் மூன்று கற்களின்மேல் அமர்ந்திருக்கும் நெல்லவிக்கும் செம்பைப் பற்றியே. இஃதொரு சிறு விஷயமென்று வாசிப்போர் தள்ளிவிடலாகாது. அச்செம்பை முன்னிட்டு எங்கள் இல்லத்தில் ஆறு மாதங்களாக ஒரு வழக்கு நடந்து வருகின்றது.

என் அன்னையாரைப் பெற்ற பாட்டியாரை நாங்கள் அம்மச்சி என்றழைப்போம். அவருக்கு ஏலாவில் 40 சென்ட் வயல் உண்டு. முன்னாளில் இருபுறமும் நெல் விளைந்த அப்பள்ளத்தாக்கில் இப்பொழுது வாழையும் தென்னையும் நெருங்கி நிற்கின்றன. மேட்டிலோ எங்கு நோக்கினும் ரப்பர். மலைமேல் ஏறி நின்று பார்த்தால் எங்கள் வயல் பச்சைக் கம்பளத்தில் ஒட்டுப்போட்ட துணிபோல் தெரியும். கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகத்திலும் அம்மச்சி நெல்லை விற்றதில்லை. அறுத்து, அவித்து, உலர்த்தி, குத்துவித்து, வீட்டுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு எஞ்சிய அரிசியை அயலாருக்கு அளப்பார். சிவந்த தவிடு ஒட்டிய அவ்வரிசிக்குக் காத்திருந்து வாங்குவோர் பலர் இருந்தனர்.

நெல்லவிக்கும் நாள் எங்களுக்குத் திருநாள் போன்றது. முதல் நாள் மாலையிற் செம்பிலே நெல்லும் நீரும் இட்டுச் சூடேற்றி இரவெல்லாம் ஊற வைப்பார். விடியுமுன் நீரை இறுத்து, அடியிற் சிறிது நீர் விட்டு, கதம்பையும் காய்ந்த ஓலையும் இட்டு எரிப்பார். நெல்லின் வாய் பிளக்கும் பதத்தை அவர் மணத்தினாலேயே அறிவார். பின்பு கொதிக்கின்ற செம்பை இருவர் பிடித்துப் பாயிற் கவிழ்க்க வேண்டும். அந்த ஆவியினூடே அவர் முகம் மறைந்து தோன்றும் காட்சி இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

சென்ற புரட்டாசியில் அவ்வாறு கவிழ்க்கும்போது பிடி நழுவிற்று. கொதிநீர் அம்மச்சியின் வலக்கையில் முழங்கைவரை கொட்டிவிட்டது. இரண்டு மாதம் கட்டுப்போட்டிருந்தார். அவிப்பாரின்மையால் அப்போக நெல்லைப் பச்சை நெல்லாகவே விற்றோம். உழவுக்கூலி, நடவுக்கூலி, அறுப்புக்கூலி யாவும் கழித்துத் தந்தையார் கணக்கெழுதியபோது, எஞ்சியது ஒரு மாதத்து மளிகைக்கும் போதாதென்று கண்டது. "வாழை வைத்துவிடலாம்" என்றார் தந்தையார். மாமாவும் ஆம் என்றார். அம்மச்சி ஒன்றும் பேசவில்லை. பேசாதிருந்ததே எனக்குப் பொறுக்கக்கூடாததாயிற்று.

யான் தாவரநூல் பயிலும் மாணாக்கராதலின், இவ்வழக்கில் வயலின் பக்கம் நின்று வாதாடத் துணிந்தேன். என் கையிலிருந்த ஆயுதம் விதை. கோயம்புத்தூரில் 1912-இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியதையும், அங்கே பார்னெல் என்பவர் தேர்ந்தெடுத்து 1921-இல் வெளியான ஜி.இ.பி. 24 என்னும் நெல், பின்வந்த பல நெல்வகைகளுக்கு முன்னோராயிருப்பதையும் விரித்துரைத்தேன். அயலிலுள்ள திருப்பதிசாரத்து ஆராய்ச்சி நிலையத்தார், உலகெங்கும் பரவிய ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை நம் நாட்டுக் கட்டிச்சம்பாவோடு கலந்து டி.பி.எஸ். 1 என்னும் நெல்லை 1985-இல் அளித்ததையும் சொன்னேன். நல்ல விதை இட்டால் விளைச்சல் பெருகும், வயல் நிலைக்கும் என்பது என் வாதம். அம்மச்சி கட்டவிழ்த்த கையைத் தடவிக்கொண்டே எல்லாம் கேட்டார்.

"எந்த வித்து விதைச்சா என்ன மக்களே, அவிக்கது நானுல்லா" என்றார்.

யான் வாயடைத்துப் போனேன். எங்கள் வயலைத் தோற்கடித்தது விதையன்று, செம்பு. இவ்வளவு படித்தும் இது எனக்குத் தோன்றாமற் போயிற்றே என்று நாணினேன்.

அதன் பின்னர் நெல்லவித்தலைப் பற்றிக் கல்லூரி நூலகத்திற் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். முதலில் வியப்பளித்தது மலாய் நாட்டுச் செய்தி. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெரிபெரி என்னும் நோய், கால்களை மரக்கச் செய்து, உடலை வீங்கச் செய்து, இருதயத்தைத் தளர்த்தி, ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் பலரை மாய்த்தது. அதே நாட்டில் வாழ்ந்த தமிழ்க் கூலிகளை அது பெரும்பாலும் அணுகவில்லை. பிராடன் என்னும் மருத்துவர் இதனை ஆராய்ந்து, சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி, தமிழர் உண்டது புழுங்கலரிசி என்று கண்டார். 1905-இல் பிளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு சாராருக்குப் பச்சரிசியும் மற்றொரு சாராருக்குப் புழுங்கலரிசியும் அளித்துப் பார்த்தபோது, நோய் பச்சரிசியாரிடையே பரவிற்று. தவிட்டிலுள்ள பி1 என்னும் உயிர்ச்சத்து, ஊறி அவியும்போது அரிசியின் உட்புறம் இறங்கிவிடுதலால், பின்பு தீட்டினாலும் முற்றும் நீங்குவதில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வெப்பத்தாற் குழையும் மாவுச்சத்து மணியிலுள்ள வெடிப்புக்களை ஒட்டவைத்துவிடுவதால் ஆலையில் நொய்யும் குறையும். நம் பாட்டிமார் இதன் காரணம் அறியார், காரியம் அறிவர்.

ஆயினும் பாட்டிமாரை வியந்து நின்றுவிட்டால் அவர்கள் கை வேகுவது நிற்குமா? இங்குதான் ஆப்பிரிக்காக் கண்டத்து ஆராய்ச்சி எனக்குப் பெரிதும் துணைசெய்தது.

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றங்கரை மக்கள், ஆசிய நெல்லினின்று வேறான தமக்கே உரிய ஒரு நெல்லைப் பன்னூறு ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்தவர்கள். அந்நெல் களையை அடக்கும், வறட்சியைத் தாங்கும். ஆனால் மணி உதிரும், விளைவு குறையும். 1971-இல் 11 நாடுகள் கூடி நிறுவிய நெல் ஆராய்ச்சிக் கழகத்தில், சியரா லியோன் நாட்டினராகிய மான்டி ஜோன்ஸ் என்னும் விஞ்ஞானியார் 1990-களில் அந்நெல்லையும் ஆசிய நெல்லையும் கலந்தார். கலப்பில் உண்டான பயிர்கள் மலடாயின. தாய் நெல்லோடு மீண்டும் மீண்டும் சேர்த்தும், கருவைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தும் அம்மலட்டுத்தன்மையை வென்றனர். நெரிக்கா என்னும் அந்நெல் வகைகளுக்காக அவர் 2004-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். இவ்வளவும் விதைக் கதையே. இதனை முன்னரே படித்திருந்தால் இதையும் அம்மச்சியிடம் சொல்லி அதே விடையைப் பெற்றிருப்பேன்.

என்னைத் தொட்டது அக்கழகத்தார் அடுத்துச் செய்த வேலை. பெனின், நைஜீரியா முதலிய நாடுகளிலும் நெல்லை அவிப்பவர்கள் பெரும்பாலும் ஸ்திரீகளே. அவர்களும் எங்கள் அம்மச்சி போலவே பானையின் அடியில் நீர்விட்டு நெல்லைக் கொட்டி அவித்தனர். அடியிலுள்ள நெல் நீரிற் கிடந்து வெந்து குழைந்தது, மேலுள்ளது அரைவேக்காடாயிற்று, விறகு வீணாயிற்று, கை வெந்தது. ஆராய்ச்சியார் பெண்களின் அடுப்பங்கரைக்குச் சென்று இவற்றைக் குற்றங்களாகக் குறித்துக்கொண்டனர். பின்பு துளையிட்ட அடித்தட்டுடைய பாத்திரமொன்றை அமைத்து, நெல் நீரைத் தொடாமல் ஆவியில் மட்டும் வேகச் செய்தனர். பின்னர் வந்த பெரிய அமைப்பில் நெற்கூடையைத் தூக்கக் கப்பியும், நகர்த்தத் தண்டவாளமும் வைத்தனர். கப்பி என்று படித்தவிடத்தில் யான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் வாளாவிருந்தேன். அம்மச்சிக்கு வேண்டியிருந்தது அதுவேயன்றோ!

நம் நாட்டிலும் இவ்வகை ஆராய்ச்சி இல்லாமலில்லை. நெல்லை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து நாற்றமெடுக்கச் செய்யாமல், 70 பாகை வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்தாற் போதுமென்று மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தார் காட்டினர். ஆனால் அம்முறை ஆலைகளுக்குப் பயன்பட்ட அளவுக்கு முற்றத்துச் செம்புக்குப் பயன்படவில்லை. பெரிய ஆலையின் இயந்திரத்துக்குக் கிடைக்கும் மதிப்பு மூன்று கல் அடுப்புக்குக் கிடைப்பது அரிது என்பது என் எண்ணம்.

கும்பப்பூ அறுவடை முடிந்த பங்குனி விடுமுறையில், மார்த்தாண்டத்து இரும்புப் பட்டறையொன்றில் துளையிட்ட வட்டத்தகடும் அதைத் தாங்க முக்காலியும் செய்வித்தேன். வீட்டுச் சருவத்துக்குள் அவற்றை வைத்து, ஊறிய நெல் இரண்டு மரக்காலை மேலே கொட்டி மூடினேன். முதல் நாள் பரீட்சை பரிதாபமாய் முடிந்தது. நீர் வற்றியதை யான் கவனியாமையால் சருவம் கருகி, நெல் முழுதும் புகை நாற்றமெடுத்தது. கோழிகளும் தயங்கித் தயங்கியே உண்டன. தந்தையார் சிரித்தார். அம்மச்சி சிரிக்கவில்லை, "நாளைக்குத் தண்ணி கூட்டி விடு" என்றார்.

மறுநாள் அவர் கயிற்றுக்கட்டிலிற் கிடந்தவாறே மணம் பிடித்துக் கட்டளையிட, யான் தீயெரித்தேன். கதம்பை வழக்கத்திற் பாதியே செலவாயிற்று. சருவத்தைக் கவிழ்க்கவும் வேண்டியிருக்கவில்லை. நெல்லை முறத்தால் அள்ளியே பாயிற் பரப்பினோம். உலர்த்தி ஆலைக்குக் கொண்டுசென்றபோது நொய் மிகக் குறைவென்று ஆலைக்காரரே சொன்னார். அன்றிரவு அவ்வரிசியிற் காய்ச்சிய கஞ்சியை அம்மச்சி இடக்கையாற் கோரிக் குடித்தார். வலக்கை இன்னும் முழுதும் மடங்குவதில்லை.

"கொள்ளாம் மக்களே. உப்பு போராது" என்றார்.

தந்தையார் இரண்டு கிண்ணம் குடித்தார். வாழையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஐந்து மரக்கால் கொள்ளும் சருவத்துக்கு என்ன விலையாகுமென்று மறுநாள் அன்னையாரிடம் விசாரித்தாராம். கன்னிப்பூவுக்கு நாற்றங்கால் இடச் சித்திரை பிறக்க வேண்டும். வாங்கிவைத்த வாழைக் கன்றுகள் கிணற்றடி நிழலில் இன்னும் கிடக்கின்றன.